காலையில் முடிவு, மாலையில் காரணம்

ஞாயிற்றுக்கிழமை இரவு வரை இல்லாத வயிற்று வலி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறது. பள்ளி வேன் தெருமுனை தாண்டியதும் தணிகிறது. பதினொரு மணிக்குப் பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கு டப்பா எங்கே என்று கேட்கிறது. இதைப் பார்க்கும் பெற்றோர் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: நிஜமா, நடிப்பா?

அந்தக் கேள்வியைக் காலை நேரத்தில் கேட்காமல் இருக்கப் பழகுவதுதான் இந்த அத்தியாயத்தின் பாடம். காலை ஏழு மணிக்கு அதற்கு விடை கிடைக்காது. கிடைக்காத விடையைத் தேடும்போது கத்தலும் கண்ணீரும்தான் மிஞ்சும்.

பள்ளிக்கு மட்டம் போட நினைக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ரகமில்லை. சிலருக்கு உண்மையிலேயே நோய் தொடங்கியிருக்கும். சிலருக்கு நோய் இல்லை, வலி உண்டு. பயமும் பதற்றமும் குடலின் அசைவை மாற்றும். வயிறு பிசையும், குமட்டும், தலை கனக்கும். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. மூன்றாவது ரகத்துக்கு வலியும் இல்லை, கணக்குப் பரீட்சை மட்டும் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-ல் வெளியிட்ட முடிவு இன்றும் மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி திரும்பத் திரும்ப வந்தது. அவர்களில் மிகச் சிலருக்கே உடலில் நோய் காணப்பட்டது. மற்றவர்கள் எல்லாரும் நடித்தார்கள் என்று ஆப்லி சொல்லவில்லை.

மூன்று ரகமும் காலையில் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எனவே காலையில் இரண்டே முடிவுகளை எடுங்கள். டாக்டரிடம் காட்ட வேண்டுமா? பள்ளிக்குப் போகலாமா? ஏன் இப்படி என்பதை மாலைக்கு ஒத்தி வையுங்கள்.

காலைப் பத்து நிமிடம்

முதலில் தெர்மாமீட்டர். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, அது ஒலி எழுப்பும்வரை பக்கத்திலேயே இருங்கள். பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனால், திரும்பி வரும்போது அது சூடான காபி டம்ளரிலோ விளக்கின் அருகிலோ குளித்து எழுந்திருக்கும். அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு படுத்தால் காய்ச்சல் வரும் என்பது தலைமுறை தலைமுறையாக நம் பள்ளிகளில் கைமாறும் ரகசியம். காய்ச்சல் வராது, வாடைதான் வரும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால் பள்ளி வேண்டாம். 99-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால் அரை மணி கழித்து மறுபடி பாருங்கள்.

அடுத்து, வலிக்கும் இடம். “வயிறு வலிக்குதா, தலை வலிக்குதா, வாந்தி வருதா?” என்று நீங்களே பட்டியல் நீட்டாதீர்கள். பிள்ளை அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும். “எங்க வலிக்குது? ஒரு விரலால தொட்டுக் காட்டு” என்று மட்டும் கேளுங்கள். தொப்புளைச் சுற்றிக் கை வட்டமடித்தால் பெரும்பாலும் பெரிய நோய் இருக்காது. தொப்புளை விட்டு விலகிய ஓரிடத்தை விரல் குறிப்பாகக் காட்டினால் கவனம் தேவை. குடல்வால் அழற்சியில் வலி தொப்புளருகே தொடங்கிச் சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். அப்படிப்பட்ட பிள்ளையை ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் முகம் சுளிக்கும், குதிக்க மறுக்கும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அது நடிப்பா என்ற யோசனையே வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

• தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி
• பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு
• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்
• காலையில் எழும்போதே தலைவலி, அதோடு வாந்தி
• ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், கூடவே உடல் மெலிவு
• மூச்சு வாங்குதல், உடலில் தடிப்பு, கழுத்தை அசைக்க முடியாமை

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை மாதங்களில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் மட்டும். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் அதுதான்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று ஒரு முழு நாள் கழியும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள். நூறு சதவீத வருகைக்குப் பரிசு தரும் பள்ளிகள் இருக்கின்றன. அந்தக் கோப்பைக்காகக் காய்ச்சலோடு அனுப்பப்படும் பிள்ளை, வகுப்பில் பத்துப் பேருக்கு அதைக் கொடுத்துவிட்டு வரும்.

இவை எதுவுமில்லை என்றால் பள்ளிக்குப் போகலாம். அதைச் சொல்லும் விதம் முக்கியம்.

“வலிக்குதுன்னு சொல்ற, சரி. காய்ச்சல் இல்ல, வாந்தி இல்ல. அதனால ஸ்கூலுக்குப் போகலாம். அங்க போய் ரொம்ப முடியலைன்னா மிஸ்கிட்ட சொல்லு, எனக்கு ஃபோன் பண்ணுவாங்க. சாயங்காலம் வந்ததும் என்னன்னு பேசுவோம் கண்ணு.”

இதில் ‘நடிக்காதே’ என்ற சொல் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒருமுறை சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்து வையுங்கள். பதில் வாதம் வந்தால் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் பலர் இருந்தால் தீர்ப்பும் பலவாகும். “பச்சப்புள்ளைய ஏண்டி விரட்டுற” என்பார் பாட்டி. “எல்லாம் நாடகம், கிளப்பு” என்பார் அப்பா. எந்தக் கதவு திறக்கும் என்று பிள்ளை தட்டிப் பார்க்கும். காலை முடிவை எடுப்பவர் யார் என்பதை முன்கூட்டியே ஒருவருக்கு ஒதுக்கிவிடுங்கள். மற்றவர்கள் மாற்றுக் கருத்தை வேன் போன பிறகு சொல்லட்டும்.

இரண்டு பழக்கங்களை அறவே விடுங்கள். “டாக்டர்கிட்ட போய் ஊசி போடச் சொல்லவா?” என்ற மிரட்டல் ஒன்று. அது நடிப்பை நிறுத்துவதைவிட, நிஜ வலியை மறைக்கச் சொல்லிக்கொடுக்கும். நிலவேம்புக் கசாயத்தைத் தண்டனையாக வாயில் ஊற்றுவது இன்னொன்று. நாளை உண்மையில் மருந்து தேவைப்படும்போது அந்த வாய் திறக்காது.

வீட்டில் இருந்தால் நோயாளியாக இருக்கட்டும்

சில நாள் முடிவெடுக்க முடியாமல் வீட்டில் வைத்துக்கொள்வீர்கள். தவறில்லை. ஆனால் அந்த நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த திங்கட்கிழமை அமையும். விரும்பிக் கேட்ட பிரியாணியும் செல்போனில் விளையாட்டும் மதியத் தூக்கமும் மாலையில் கிரிக்கெட்டும் கிடைத்தால், வயிற்று வலி நல்ல வருமானம் தரும் தொழில் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

நோய்நாளுக்கென்று ஒரு நடைமுறை வையுங்கள். இட்லி, கஞ்சி, ரசம் சாதம். படுக்கை. டிவியும் போனும் பள்ளி விடும் நேரம்வரை கிடையாது. கதைப் புத்தகம் உண்டு. அன்று மாலை தெருவில் விளையாட்டு இல்லை. வகுப்புத் தோழனிடம் கேட்டு அன்றைய பாடம் எழுதப்பட வேண்டும். இதைச் சினத்தோடு செய்யாதீர்கள். உண்மையான நோயாளிக்கு இந்த நடைமுறை வேதனையாக இருக்காது, அவர் எப்படியும் தூங்கத்தான் போகிறார். மற்றவருக்கோ பன்னிரண்டு மணிக்குள் பள்ளியே தேவலாம் என்று தோன்றிவிடும். இருவருக்கும் ஒரே விதி என்பதால் யார் எந்த ரகம் என்று நீங்கள் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை.

மாலையில் பேச்சு

ஆர்.கே. நாராயணின் மால்குடி கதைகளில் ‘அப்பாவின் உதவி’ என்ற பொருளில் தலைப்புக் கொண்ட ஒன்று உண்டு. சுவாமி என்ற சிறுவன் பள்ளிக்கு மட்டம் போடத் தலைவலி என்கிறான். அப்பா விடவில்லை. உடனே, சாமுவேல் வாத்தியார் கொடூரமாக அடிப்பார் என்று கதை கட்டுகிறான். அப்பா அதை நம்பி, தலைமையாசிரியருக்குக் காட்டமான கடிதம் எழுதி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறார். பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் சுவாமிக்கு உறுத்தல். சாமுவேல் அப்படியொன்றும் கொடியவர் இல்லை. கடிதத்தை நியாயப்படுத்த அவரைச் சீண்டி அடி வாங்க வேண்டியதாகிறது.

சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் பெற்றோருக்கு அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நெருக்கிக் காரணம் கேட்டால் பிள்ளை உண்மையைச் சொல்வதில்லை. உங்களைத் திருப்திப்படுத்தும் காரணத்தைச் சொல்கிறது. அப்படிக் கிடைத்த காரணத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கே பள்ளிமேல் பாய்ந்தால், பின்வாங்க முடியாத பொய்க்குள் பிள்ளையை நீங்களே தள்ளுகிறீர்கள்.

எனவே ‘ஏன்’ என்று தொடங்காதீர்கள். மாலையில் ஏதாவது தின்று முடித்த பிறகு, துணி மடிக்கும்போதோ கடைக்குச் சேர்ந்து நடக்கும்போதோ, நேருக்கு நேர் முகம் பார்க்காத நேரத்தில் பேச்சை எடுங்கள். “இன்னைக்கு எந்த பீரியட் நல்லா போச்சு? எது சீக்கிரம் முடியலாம்னு இருந்துச்சு?” என்று கேளுங்கள். சின்னப் பிள்ளை என்றால் கால அட்டவணையைக் கொடுத்துப் பிடித்த பாடவேளைக்கு டிக், பிடிக்காததற்குப் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். வேன், இடைவேளை, சாப்பாட்டு நேரம், கழிப்பறை ஆகியவற்றுக்கும் அட்டவணையில் கட்டம் வரையுங்கள். பல நேரம் பெருக்கல் குறி பாடத்தில் விழாது, அங்கேதான் விழும்.

சமையலறை நாள்காட்டியில் உடம்பு சரியில்லை என்று சொன்ன நாளைக் குறித்து வையுங்கள். அன்று முதல் பாடவேளை என்ன, முந்தைய நாள் என்ன நடந்தது என்று இரண்டு சொல் போதும். மூன்று வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். தெரியவரும் காரணங்களில் அடிக்கடி காணப்படுபவை இவை.

கழிப்பறை. தண்ணீர் பாட்டில் காலையில் போனபடியே நிரம்பித் திரும்புகிறதா? பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஏராளம். அடக்கி அடக்கி மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். அந்த வயிற்று வலி முழுக்க நிஜம். காலையில் கால் மணி நேரம் முன்னால் எழுப்பி, அவசரமில்லாமல் உட்கார விடுங்கள். கழிப்பறையின் நிலையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்புங்கள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த அந்தக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை.

கண். கரும்பலகை தெரியாத பிள்ளை ‘தெரியவில்லை’ என்று சொல்லாது, தலை வலிக்கிறது என்று சொல்லும். பள்ளி நாள்களின் மாலையில் தலைவலி வந்தால் முதலில் கண் பரிசோதனை.

படிப்பில் தடுமாற்றம். மூன்றாம் நான்காம் வகுப்பில், எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும் காலத்தில் தொடங்கும் வயிற்று வலியைக் கவனியுங்கள். எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவற்றையும் அங்கீகரிக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு.

சக மாணவர்கள். வேனில் பெரிய வகுப்புப் பையன்கள் வைக்கும் பட்டப்பெயர், சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார நேர்வது. வளர்ந்தவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் இவைதான் பல வயிறுகளைப் பிசைகின்றன.

பிரம்பும் நாக்கும். பள்ளியில் அடிப்பதையும் மனம் நோக வதைப்பதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. விசாரித்து உறுதி செய்துகொண்டு பள்ளியிடம் எழுத்தில் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணை அழைக்கலாம்.

மாதவிடாய். பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் வலி கடுமையாக இருக்கலாம். அதை நடிப்பு என்று சொல்லாதீர்கள். பையில் நாப்கினும் மாற்று உடையும் இருக்கிறதா, யாரிடம் கேட்பது என்று தெரியுமா என்று பாருங்கள்.

வீட்டுக் கவலை. பெற்றோர் சண்டை, மருத்துவமனையில் தாத்தா, புதிதாகப் பிறந்த தம்பி. பள்ளி பிடிக்காததால் அல்ல, வீட்டை விட்டு நகரப் பயந்து தங்கும் பிள்ளைகள் உண்டு. “நீ திரும்பி வரும்போது நான் வீட்டிலதான் இருப்பேன்” என்ற ஒரு வாக்கியம் அவர்களுக்கு மருந்து.

தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பதினொரு மணிவரை போன் பார்த்த கண் ஆறு மணிக்கு விழித்தால், உடம்பு நிஜமாகவே முடியாமல்தான் இருக்கும்.

இவை எதுவுமில்லாமல், வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, பரீட்சைக்குப் படிக்கவில்லை என்பதே காரணமாகவும் இருக்கலாம். அது கண்டுபிடிக்கவும் எளிது, தீர்க்கவும் எளிது. ‘கணக்கு வீட்டுப்பாடம் முடியவில்லை, நாளை முடித்துக் காட்டுவான்’ என்று டைரியில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். குறைந்த மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வர முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் பாதி வயிற்று வலி குறையும்.

ஒன்றை மட்டும் இந்தப் பட்டியலுக்கு வெளியே வைக்கிறேன். குறிப்பிட்ட ஒரு பெரியவரின் பெயரைக் கேட்டதும் பிள்ளை ஒடுங்கினால், அவர் இருக்கும் இடத்துக்கு மட்டும் போக மறுத்தால், தொட்டார் என்று சொன்னால், மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். நம்புங்கள், அனுப்பாதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது.

பள்ளியிடம் என்ன கேட்பது

வகுப்பாசிரியரிடம் “என் பையனுக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டால் “நல்லாத்தானே இருக்கான்” என்ற பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: “எந்த பீரியட்ல வயிறு வலிக்குதுன்னு சொல்றான்? இடைவேளையில யார் கூட இருக்கான்? எத்தனை தடவை பாத்ரூம் போறான்?” பிறகு ஓர் ஏற்பாடு பேசிக்கொள்ளுங்கள். வலி என்றால் ஆசிரியர் அறையிலோ நூலகத்திலோ கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பட்டும். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் மட்டும் வீட்டுக்குப் போன்.

காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்த மறுநாளும் ஜூன் மாதத் திறப்பும் இந்த வலிகளின் பருவம். ஒரு வாரம் வீட்டில் இருந்த பிள்ளைக்கு எட்டாம் நாள் இன்னும் கடினம். முழு நாள் முடியாது என்றால் பள்ளியின் சம்மதத்தோடு முதல் இரண்டு பாடவேளை, பிறகு மதியம்வரை, பிறகு முழு நாள் என்று ஏற்றிக்கொண்டு போகலாம். இந்த இடைக்காலத்தில் முழு ஓய்வு கொடுப்பது பயத்தைத்தான் வளர்க்கும்.

மருத்துவரிடம் ஒருமுறை ஒழுங்காகக் காட்டுங்கள். நோயில்லை என்று அவர் சொன்ன பிறகு ஸ்கேன், இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன் என்று சுற்றினால், தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பிள்ளை நம்பத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் பள்ளி என்றதும் அழுகை, நடுக்கம், தூங்க மறுப்பு நீடித்தால் மனநல ஆலோசனை தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கையும் களவுமாகப் பிடிபட்டால்

தெர்மாமீட்டர் காபி டம்ளரில் இருப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். “சூடு பண்ணது எனக்குத் தெரியும். கிளம்பு. சாயங்காலம் பேசலாம்” என்பதோடு நிறுத்துங்கள். சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரிப்பது, அடுத்த முறை நிஜமாக வலிக்கும்போது “புலி வருதா?” என்று கேலி செய்வது இரண்டும் வேண்டாம். ஏமாற்றியதற்குத் தண்டனை, அன்று விடுமுறை கிடைக்காமல் போனதே. ஏமாற்ற வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதுதான் மாலையில் பேச வேண்டிய பொருள்.

கேட்டுப் பெறும் விடுப்பு

ஆங்கில வகுப்பில் நம்மில் பெரும்பாலோர் மனப்பாடம் செய்த முதல் கடிதம் விடுப்புக் கடிதம்தான். அதில் காரணம் எப்போதும் காய்ச்சல். வளர்ந்த பிறகும் அதை விடவில்லை. மாமா பெண் கல்யாணத்துக்காக மதுரை போனாலும், குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போனாலும், பிள்ளையின் டைரியில் ‘காய்ச்சல் காரணமாக வர இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கு எடுத்துப் போகிறவர் அந்தப் பிள்ளைதான். நோயைச் சொன்னால் கேள்வி வராது என்ற வித்தையை அவர் கற்றுக்கொண்டது வீட்டில்.

அதனால் இரண்டு மாற்றங்களைச் செய்யுங்கள். விடுப்புக் கடிதத்தில் உண்மைக் காரணத்தை எழுதுங்கள்: ‘குடும்பத் திருமணம்’ என்று எழுதினால் எந்தப் பள்ளியும் பிள்ளையைத் துரத்திவிடாது. அடுத்து, பருவத்துக்கு ஒரு நாள் காரணம் சொல்லாமல் கேட்டுப் பெறும் விடுப்பு உண்டு என்று வீட்டில் அறிவியுங்கள். முந்தின இரவே கேட்க வேண்டும், பரீட்சை நாளில் கூடாது, பயன்படுத்திவிட்டால் அடுத்த பருவம்வரை கிடையாது. ‘உடம்பு நல்லாத்தான் இருக்கு, நாளைக்கு மட்டும் போகலையே’ என்று ஒரு பிள்ளை சொல்ல முடிகிற வீட்டில், தெர்மாமீட்டருக்குக் காய்ச்சலை அளப்பது தவிர வேறு வேலை இருக்காது.